உள்ளானின் கட்டுச்சோறு

பறவை பார்க்க எப்போது போகலாம் என்று யாரிடம் கேட்டாலும் மார்கழி, தை என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. வேடந்தாங்கலில் மரம் கொள்ளாமல் நாரைகள் நிற்பதும், கோடியக்கரைச் சேற்றில் உள்ளான் கூட்டம் இறங்கிக் கிடப்பதும் அப்போதுதான். ஆனால் இந்த முறை அக்காவும் நானும் பங்குனி இரண்டாம் வாரத்தில் கிளம்பினோம். மொத்தம் ஆறு நாள். பொள்ளாச்சியில் வண்டியெடுத்து வால்பாறை ஏறினோம். அங்கிருந்து இறங்கி ராமநாதபுரம், தனுஷ்கோடி, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோடியக்கரை. காட்டில் தொடங்கிக் கடலில் முடிந்த பயணம்.

பங்குனியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. மலையில் இருவாச்சி பொந்துக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டு குஞ்சு வளர்க்கும் காலம் இது. கடற்கரையில், பனிக்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாகத் திரிந்த உள்ளான்கள் வடக்கே கிளம்புவதற்கு முன் சிவக்கத் தொடங்கும் காலமும் இதுதான். ஒன்று வீட்டுக்குள் அடைந்து கிடக்க, இன்னொன்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆசை.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் பிறந்தது வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவுக்குப் பொள்ளாச்சிக்கு மாற்றலானது. அன்றைக்கு லாரியில் சாமானோடு வந்த திசையில், இத்தனை வருடம் கழித்து, திரும்பிப் போகிறோம். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. பைனாகுலரைக் கையில் எடுத்ததே இந்தப் பயணத்தில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பறவை பார்க்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டாகிறது. சின்ன வயதில் நான் உள்ளான் கறி தின்றவன் என்பதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. சித்தப்பா கண்ணி வைத்துப் பிடித்துக் கொண்டுவருவார். அம்மா மிளகு அரைத்துப் போட்டு வறுப்பார். கை அகலம்கூட இல்லாத பறவை அது. ஓர் ஆளுக்கு நாலைந்து வேண்டும். இந்தப் பதிவு முடியும்போது அந்தக் கறிக்கே திரும்பி வருவேன்.

கிளம்பிய அன்று விடியற்காலையில் அக்கா ஒரு பெரிய தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் வைத்தார்.

"எதுக்குக்கா இதெல்லாம், வழியில கடையில்லையா?"

"கட்டுச்சோறு இல்லாம யாராச்சும் வழிக்குக் கிளம்புவாங்களாடா?"

அந்தப் பேச்சு அப்போது எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

நாற்பது வளைவுக்கு மேலே

ஆழியாறு தாண்டியதும் மலைச்சாலை ஆரம்பமாகிறது. வால்பாறைக்கு மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். கீழ் வளைவுகளில் இலையுதிர் காடு காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. சாலையோரச் சருகில் ஒரு புறா மேய்ந்துகொண்டிருந்தது. இறக்கை பளிச்சென்ற பச்சை, அலகு சிவப்பு. மரகதப்புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. வண்டியை நிறுத்தி அக்காவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். சரிப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. "இது நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல இருந்துச்சு. நெசமாவே இருக்குன்னு நான் நெனைக்கல" என்றார்.

ஒன்பதாம் வளைவுப் பக்கம் பாறையில் வரையாடுகள் நின்றன. மேலே ஏற ஏறக் காற்று மாறியது. மழைக்காட்டு மரங்கள் கொழுந்து விடும் நேரம். தூரத்தில் பார்த்தால் பூத்ததுபோலத் தெரியும் சிவப்பு, உண்மையில் நாங்கு மரத்தின் இளந்தளிர். வெடிப்பலாவில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூ. அந்தப் பூவைத் தின்னச் சோலைமந்திகள் வந்திருந்தன.

மறுநாள் இருட்டு விலகும் முன்பே, தங்கியிருந்த இடத்துக்குப் பின்னாலிருந்த ஓடையிலிருந்து சீட்டிச் சத்தம் வந்தது. யாரோ ஒரு பையன் பாதி தெரிந்த பாட்டை நினைவுபடுத்திப் பார்ப்பதுபோல, ஏறி இறங்கி, நின்று, மறுபடி தொடங்கும் சீட்டி. சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, தோளில் மட்டும் வெளிச்சம் பட்டால் மின்னும் நீலம். அதே ஓடைக் கல்லில் ஒரு சாம்பல் வாலாட்டியும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பூங்குருவி இந்த மலையை விட்டுப் போகாது. வாலாட்டி இன்னும் சில வாரத்தில் இமயமலைப் பக்கம் கிளம்பிவிடும். ஒரே கல்லில் இரண்டும் மாறி மாறி உட்கார்ந்தன.

பிறகு இருவாச்சி. கூடு இருக்கும் இடத்தை நான் எழுதப்போவதில்லை. அடைகாக்கும் பறவையின் கூட்டை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது பறவை பார்க்கும் எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரம், துண்டுபட்டு மிஞ்சிய சோலையில் ஓர் உயர்ந்த மரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வாட்ச்மேன் ஒருவர் தூரத்திலிருந்தே காட்டினார். மரத்தின் பாதி உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாய் முழுக்கப் பூசி மூடியிருந்தது. நடுவில் செங்குத்தாக ஒரு பிளவு மட்டும்.

"காலைல ஒருக்கா வந்துட்டுப் போயிட்டாருங்க. மறுக்கா வருவாரு, உட்காருங்க" என்றார் அவர். ஆண் பறவையைத்தான் அவர் 'அவரு' என்றார்.

உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் வந்தது சத்தம். பழைய நீராவி ரயில் மேட்டில் ஏறுவதுபோல இறக்கைச் சத்தம். தலைக்கு மேலே நிழல் கடந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பறவை, மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்துவைத்த தொன்னைபோல ஒரு கொண்டை. பொந்தருகே பட்டையைப் பற்றிக்கொண்டு நின்றது. கழுத்தை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டியது. தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. அதைப் பிளவுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னோர் அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. மறுபடி ஒரு பழம். மறுபடி. அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தேழாவது பழத்தோடு அது பறந்தது.

பெண் இருவாச்சி முட்டையிடும் முன் தானாகவே பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழத் தோலையும் குழைத்து வாயிலைப் பூசிக்கொள்கிறது. மாதக்கணக்கில் உள்ளேதான் வாசம். அந்த நேரத்தில் பழைய சிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. வளர்வது பெரும்பாலும் ஒரே குஞ்சு. தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு அந்தப் பிளவு வழியாகத்தான்.

"இத்தனை மாசம் ஒருத்தன நம்பி உள்ள உட்கார்ந்திருக்காளே" என்றார் அக்கா.

வாட்ச்மேன் சொன்னார்: "அவரை மட்டுமாங்க? அந்தப் பக்கம் நாலு அத்தி மரம் நிக்குது. அதை நம்பித்தான் ரெண்டு பேருமே இருக்காங்க."

நான் பல நாள் சுற்றிச் சுற்றி யோசித்ததை அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். அத்தி இல்லையென்றால் பழமில்லை. பெருத்து முதிர்ந்த மரமில்லையென்றால் பொந்தில்லை. மரத்தை நட்டுவிடலாம். இருவாச்சி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து விழ மனித ஆயுள் போதாது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிஞ்சிய சோலைத் துண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துவருகிறது. இந்த மலையிலேயே கேரளப் பக்கம், வாழச்சாலில், காடர் பழங்குடியினர் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுத்தவர்களும் அவர்களில் உண்டு. கூடு எங்கே இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கண்மாயும் மணலும்

மூன்றாம் நாள் முழுக்கச் சாலைதான். மலையிறங்கி உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. வெயில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு புளியமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தோம். புளிச்சோறு இன்னும் கெடாமல் இருந்தது.

சாயங்காலம் ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயில் நின்றோம். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கருவேல மரங்களின் மேலே கூழைக்கடாக் குஞ்சுகள் பெற்றோர் அளவுக்கு வளர்ந்தும் இன்னும் தீனி கேட்டுக் கத்தின. சங்குவளை நாரைகளும் இருந்தன. இவை நம் பக்கத்திலேயே கூடு கட்டுபவை. ஊர் மழையைப் பார்த்து, கண்மாய் நிறைவதைப் பார்த்து முட்டையிடும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தண்ணி நின்ன வருஷம் நிக்கும், நிக்காத வருஷம் வராது" என்றார். தண்ணீரைச் சொன்னாரா பறவையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை.

நாலாம் நாள் பாம்பன் பாலம் ஏறினோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே தெரிந்தது. பாலத்துக்குக் கீழே பழுப்புத்தலைக் கடற்காகங்கள். மார்கழியில் இவற்றின் தலை வெள்ளை. காதுப் பக்கம் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். இப்போது முகம் முழுக்கக் காப்பிப்பொடி நிறத்தில் முகமூடி ஏறியிருந்தது. கிளம்பும் அவசரம் இங்கேயே தொடங்கிவிட்டது.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இடிந்த தேவாலயத்தைக் கடந்து நேராக நீர்ப்பரப்புக்குப் போனோம். உப்புநீர்க் குட்டையில் முந்நூறு நானூறு பூநாரைகள் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகப் பிடித்து, சேற்று நீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. பூநாரையின் இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலும் சிறு இறால் இனங்களிலும் இருந்து வருவது. நல்ல தீனி கிடைக்காத பூநாரை வெளுத்துப்போகும். இந்தப் பகுதியைத் தமிழக அரசு 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

நான் தேடி வந்தது அதைவிட மிகச் சிறிய ஒன்றை. அரிச்சல்முனைச் சாலையிலிருந்து விலகி மணலில் மெல்ல நடந்தோம். மணல் நிறத்திலேயே ஒரு பறவை, சக்கரம் வைத்த பொம்மைபோலக் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்றது. நின்றதும் காணாமல்போனது. உப்புக்கொத்தி. இதை நீண்டகாலம் வடக்கேயிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்தே எண்ணிவந்தார்கள். 2023-இல் வெளியான மரபணு ஆய்வு இதைத் தனி இனம் என்று காட்டியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இந்தப் பறவைக்கு, இரண்டு கரைக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகளின் கதையை வைத்து, ஹனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். சுற்றுலா வந்தவர்களின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த பறவை தனி இனம் என்று உலகத்துக்குத் தெரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் இன்னொன்று ஓர் இறக்கையை ஒடிந்ததுபோல மணலில் இழுத்துக்கொண்டு எங்களுக்குக் குறுக்கே ஓடியது. எனக்குத் திக்கென்றது. "அக்கா, அசையாத. காலடியப் பாரு."

அக்காவின் செருப்புக்கு இரண்டடி முன்னால், ஒரு கிளிஞ்சல் சில்லுக்குப் பக்கத்தில், மணலில் லேசான பள்ளம். அதில் இரண்டு முட்டை. மணல் நிறத்தில், கறுப்புக் கீறல் கீறலாக. நான் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் அக்காவுக்கு அது கண்ணில் படக் கொஞ்ச நேரமானது. படமெடுக்கவில்லை. வந்த காலடியிலேயே பின்னால் நடந்தோம். இருபது அடி தள்ளி வந்ததும் அந்தப் பறவையின் ஒடிந்த இறக்கை சரியாகிவிட்டது. ஓடிப்போய் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் நடந்த மணலிலேயே ஜீப் டயர்த் தடம் இரண்டு வரிசை போயிருந்தது. ஒரு தடம் அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. தாறுமாறாகப் போன அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

கீற்றுக்கடையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அக்கா கேட்டார்: "இந்தச் சின்னக் குருவி எப்பவும் இருக்குமா?"

"மத்ததெல்லாம் வந்து போறது. இது இங்கனயே கெடக்கும்மா. எங்களை மாதிரி."

விருந்தாளி யார்?

ஐந்தாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், கட்டுமாவடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை. பேர்களைச் சொல்லிக்கொண்டே போனாலே கடல் காற்று வரும். வழியில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்கள் ஓட்டும் படகில் ஏறினோம். மூச்சுவேர்களுக்கு நடுவே பவளக்காலி ஒன்று எங்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் பறந்தது. அதன் காலுக்கு ஏற்ற பெயர்.

அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டே அக்காவோடு ஒரு வாக்குவாதம். 'வெளிநாட்டுப் பறவை', 'விருந்தாளிப் பறவை' என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அது சரியா என்று. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். அது முட்டையிடுவது வடக்கே சைபீரியாவின் மரமில்லாத பனிவெளியில். அங்கே பனி உருகிப் பூச்சிகள் பெருகும் கோடை சில வாரம்தான். ஜூனில் போய் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, ஆடி ஆவணிக்குள் பெரிய பறவைகள் திரும்பத் தொடங்கிவிடும். அடுத்த சித்திரைவரை நம் சேற்றில்தான். முதல் ஆண்டுக் குஞ்சுகள் பல, வடக்கே போகாமல் கோடையையும் இங்கேயே கழிக்கும்.

"வருஷத்துல எட்டு மாசம் இருக்கிறவனா விருந்தாளி?" என்று கேட்டேன்.

"அப்ப அது பிரசவத்துக்கு மட்டும்தானே ஊருக்குப் போகுது" என்றார் அக்கா.

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. புகுந்த வீடு இது.

அன்றிரவு சித்தப்பா வீட்டில் படுக்கை. ஆறாம் நாள் விடியுமுன் கோடியக்கரைக்குப் புறப்பட்டோம்.

கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம். ஒரு பக்கம் வறண்ட பசுமைமாறாக் காடு, அதை ஒட்டிப் புல்வெளி, புல்வெளியில் வெளிமான்கள், மட்டக்குதிரைகள். இன்னொரு பக்கம் உப்பளம், சேற்றுவெளி, கடல். எங்கள் பயணத்தின் காடும் கடலும் கையகல இடத்தில் ஒட்டிக்கிடக்கும் ஊர். காட்டோரப் புதரிலிருந்து இரண்டு துண்டாக ஒரு சீட்டி வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு தாண்டி மூன்று நிமிடம். ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுவதால் நம்மவர்கள் வைத்த பேர். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டும் அதுவும் கிளம்பும் தறுவாயில் இருந்தது.

உப்பளச் சாலையில் வண்டியை நிறுத்தினோம். வெயில் ஏறுமுன் பாத்திகளில் ஓர் அங்குல நீர் தகடுபோலக் கிடந்தது. அதன் ஓரமெங்கும் சேறு அசைவதுபோலிருந்தது. அசைந்தது சேறில்லை, கொசு உள்ளான்கள். ஒவ்வொன்றும் 20, 25 கிராம்தான் இருக்கும். ஒரு கைப்பிடி அவல்கூட அதைவிடக் கனக்கும். தையல் மிஷின் ஊசிபோல ஓயாமல் சேற்றைக் குத்தின. அவற்றுக்கு நடுவே கொஞ்சம் உயரமாக, அலகு நுனி கீழே வளைந்து, வளைமூக்கு உள்ளான்கள்.

ஸ்கோப்பை ஒன்றின் மேல் நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டேன். சாம்பல் முதுகு. வயிறு வெள்ளை. அந்த வெள்ளையில் அங்கங்கே சுட்ட செங்கல் நிறத்தில் திட்டு. சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிவதுபோல. பக்கத்தில் நின்றதற்கு நெஞ்சுவரை ஏறியிருந்தது. இன்னொன்றுக்குக் கழுத்தும் முகமும் முழுக்கச் சிவந்து, கண்ணோரம் மட்டும் வெள்ளை மிச்சம். சித்திரையில் வந்திருந்தால் எல்லாமே சிவந்திருக்கும். பாதி சிவந்தும் பாதி சிவக்காமலும் பார்ப்பது பங்குனியில்தான்.

அந்தச் சிவப்பு இறகுகள் முளைப்பது எங்கே என்பதுதான் எனக்கு முக்கியம். கோடியக்கரைச் சேற்றுப் புழுவைத் தின்று, அதே சேற்றில் நின்றுகொண்டே வளர்க்கும் இறகுகள் அவை. சைபீரியாவில் ஒரு பெட்டை பார்த்து மயங்கப்போகும் அந்த நிறம் வேதாரண்யத்தில் நெய்தது.

நிறத்தோடு இன்னொன்றையும் அது சேர்த்துவைக்கிறது. கொழுப்பு. புறப்படுமுன் சில வாரங்கள் இரவும் பகலும் தின்று, தோலுக்கடியில் கொழுப்பாக அடுக்கும். நெடுந்தூரம் போகும் சில உள்ளான் இனங்களின் எடை இந்த நாள்களில் இரட்டிப்பை நெருங்கும். ஒரு கிராம் கொழுப்பில் இருக்கும் தெம்பு, அதே எடை மாவுச்சத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பறக்கிற உடம்புக்குச் சுமக்க ஏற்ற பொருள் வேறில்லை. அந்தச் சில வாரத்தில் சேறு காய்ந்துபோனாலோ, புழு இல்லாமல்போனாலோ, நாய்களும் ஆட்களும் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தாலோ அது கிளம்பும், ஆனால் போய்ச் சேராது.

2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, மோசமாகக் குறைந்துவரும் பறவைகளில் நெடுந்தூரம் வலசைபோகும் கரைப்பறவைகளையும் சேர்த்துச் சொல்கிறது. நாடெங்கும் எங்களைப்போன்ற சாதாரண ஆட்கள் எழுதிவைத்த பட்டியல்களை வைத்து உருவான அறிக்கை அது. அதனால்தான் எத்தனை சோர்வாக இருந்தாலும் அன்றன்றைய எண்ணிக்கையை அந்தப் பட்டியல்கள் சேரும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு

பங்குனி, சித்திரை முதல் வாரம் போங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து ஆறரை. நடுவில் வெயிலுக்குப் பறவையும் ஒதுங்கும், நீங்களும் ஒதுங்குங்கள். ஆனைமலையிலும் கோடியக்கரையிலும் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இருவாச்சிக் கூட்டின் பக்கத்தில் போகாதீர்கள். ஆண் தீனியோடு வந்து, ஆளைப் பார்த்துத் திரும்பிப்போனால் உள்ளே இரண்டு வயிறு காயும். கடற்கரை மணலில் வண்டி ஓட்டாதீர்கள். இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சேற்றில் கூட்டம் மேயும்போது பறக்கிற படத்துக்காகக் கலைக்காதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பி இறங்குவதற்கும் அது சேர்த்துவைத்ததிலிருந்துதான் செலவழிக்கிறது.

சித்தப்பா கேட்டது

இருட்டியதும் வீடு திரும்பினோம். சித்தப்பா திண்ணையில் இருந்தார். எழுபத்தாறு வயதாகிறது. கண்ணியை விட்டு முப்பது ஆண்டுக்கும் மேலாகிறது. உள்ளான் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்ததாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுவதை அவர் பார்த்திருக்கிறார். அந்த வேலைக்குப் பீகாரிலிருந்து மீர் ஷிகார் என்ற பறவை பிடிக்கும் குடியைச் சேர்ந்தவர்கள் வந்திருந்தார்கள். "எங்களவிட நல்லாப் புடிப்பாங்க தம்பி. புடிச்சதும் எடை போட்டு, எழுதிக்கிட்டு, விட்டுடுவாங்க. விட்டுடுறதுக்கா இத்தனை பாடுன்னு அப்ப சிரிச்சோம்."

காலைக் கழுவிவிட்டு நான் உட்கார்ந்ததும் அவராகவே கேட்டார்: "செவந்துட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சித்தப்பா?"

"உள்ளான்தான். பங்குனி பாதியில செவக்க ஆரம்பிக்கும்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செவந்த உள்ளானுக்குத்தானே வெல அதிகம். தையில புடிச்சா வெறும் எலும்பு. பங்குனிக் கடைசில புடிச்சா தோலுக்கு அடியில மஞ்சளா நெய் கட்டியிருக்கும். சட்டியில எண்ணெயே ஊத்த வேண்டாம். உங்கம்மாவுக்குத் தெரியும்."

எனக்கு அந்த வாசனை நினைவுக்கு வந்தது. எண்ணெயில்லாத சட்டியில் அது தன் நெய்யிலேயே பொரியும் சத்தமும்.

அந்த நெய் எதற்கு என்று சொன்னேன். மெதுவாக, எதையும் குற்றமாகச் சொல்லிவிடாமல். இங்கேயிருந்து சைபீரியா எவ்வளவு தூரம், வழியில் எங்கெல்லாம் இறங்கும், இறங்க முடியாத இடத்தில் எதை எரித்துப் பறக்கும், போன இடத்தில் பனி இன்னும் உருகாமலிருந்தால் முதல் சில நாள் எதை வைத்துத் தாங்கும் என்று. சித்தப்பா வெற்றிலையை மடித்தவர் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். உள்ளே அக்கா தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

நெடுநேரம் கழித்துச் சொன்னார்.

"அப்ப நாங்க அதோட கட்டுச்சோத்தையில்ல தின்னுருக்கோம், தம்பி."